எதிர்ப்பின் விலையும் செவிசாயாமையின் விலையும்

விடுதலை பெற்ற நாடுகள் பலவும் தம் மக்களின் வறுமையை நீக்க முதலில் நாடிய கருவிகள் மின்சாரமும் அணையும் சாலையும் ஆலையுமே ஆகும். மலேசியாவும் இதற்கு விலக்கன்று. 1971ஆம் ஆண்டில் புதிய பொருளாதாரக் கொள்கை தொடங்கிய பின்னர், காடும் ஆறும் கனிமமும் நாட்டின் முதலாகக் கொள்ளப்பட்டன. ஐந்தாண்டுத் திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. திட்டங்கள் வந்த இடங்கள் சிலவற்றில் மக்களின் எதிர்ப்பும் உடன் வந்தது.

இவ்வெதிர்ப்பைப் பற்றி இருவேறு கருத்துகள் நெடுங்காலமாக நிலவி வருகின்றன. எதிர்ப்பால் திட்டம் தாமதமாகிறது. தாமதத்தால் செலவு பெருகுகிறது. பெருகிய செலவை இறுதியில் நாட்டு மக்களே சுமக்கின்றனர் என்பது ஒரு சாரார் கூற்று. எதிர்ப்பு எழுந்திராவிடில் மண்ணும் நீரும் உயிரும் பாழ்பட்டிருக்கும். அவற்றின் விலையை எவர் கணக்கிடுவார் என்பது மற்றொரு சாராரின் வினா. இவ்விரு கூற்றுகளிலும் உண்மை உண்டு. எந்த அளவுக்கு உண்டு என்பதை அறிய, நடந்து முடிந்த நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றிலும் யார் எதனைச் செலவிட்டார், யார் எதனை இழந்தார் என்று பார்த்தலே தக்க வழியாகும். அதற்கு மலேசிய வரலாற்றிலேயே மூன்று சான்றுகள் உள்ளன. அவை பாகாங் மாநிலத்தின் தெம்பிலிங், பேராக் மாநிலத்தின் புக்கிட் மேரா, சரவாக் மாநிலத்தின் பாக்கூன் என்பன.

தாமதத்தின் கணக்கு

எதிர்ப்பு செலவைக் கூட்டும் என்னும் வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. பெருந்திட்டங்கள் யாவும் கடன் பெற்ற பணத்தைக் கொண்டே நடைபெறுகின்றன. நூறு கோடி வெள்ளியை ஆண்டுக்கு எட்டு விழுக்காடு வட்டிக்குக் கடனாகப் பெற்று ஓர் அணை கட்டப்படுவதாக வைத்துக்கொள்வோம். பணம் முழுவதும் செலவான பிறகு வேலை ஓராண்டு நின்றுபோனால், ஒரு கல்லும் பெயராமலேயே எட்டுக் கோடி வெள்ளி வட்டியாகச் சென்றுவிடும். வாடகைக்கு அமர்த்திய இயந்திரங்கள் வாளா கிடக்கும். ஒப்பந்தக்காரர் இழப்பீடு கேட்பார். சிமெண்டும் இரும்பும் விலை ஏறும். கிடைக்க வேண்டிய மின்சாரம் கிடைக்காமையால் வேறு எரிபொருளை வாங்கி எரிக்க நேரும். இவை யாவும் உண்மையான செலவுகளே.

ஆயினும் இக்கணக்கிலேயே மற்றோர் உண்மையும் அடங்கியுள்ளது. பணம் செலவாகும் முன்னர் எழும் எதிர்ப்புக்கும், செலவான பின்னர் எழும் எதிர்ப்புக்கும் விலை ஒன்றன்று. வரைபடம் தாளில் இருக்கும்போது அதனை மாற்ற ஆகும் செலவு, வரைந்தவரின் ஊதியம் மட்டுமே. பள்ளம் தோண்டிய பின்னர் மாற்றினால் பள்ளத்தின் செலவும் சேரும். ஆலை இயங்கத் தொடங்கிய பின்னர் மாற்றினால் ஆலையின் செலவும், தொழிலாளரின் வாழ்வும், அதுவரை சேர்ந்த கழிவின் சுமையும் சேரும். ஆகவே எதிர்ப்புக்கு விலை உண்டா என்று கேட்பதோடு நின்றுவிடாமல், அவ்வெதிர்ப்புக்கு எந்தக் கட்டத்தில் செவிசாய்க்கப்பட்டது என்றும் கேட்டல் வேண்டும்.

தெம்பிலிங்: கட்டப்படாத அணை

பாகாங், கிளந்தான், திரெங்கானு ஆகிய மூன்று மாநிலங்களிலும் பரந்து கிடப்பது தாமான் நெகாரா எனப்படும் தேசியப் பூங்கா. 1938-39ஆம் ஆண்டுகளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரால் அமைக்கப்பெற்ற இப்பூங்காவின் பரப்பு 4,343 சதுரக் கிலோமீட்டர். தீபகற்பத்தின் மிகப் பெரிய காப்புக் காடு இதுவே. இதன் தெற்கு எல்லையை ஒட்டி ஓடும் தெம்பிலிங் ஆற்றின் குறுக்கே ஓர் அணை கட்டும் திட்டம் 1970களில் உருவாயிற்று. மின்சாரம் பெறுதலும் வெள்ளத்தைக் கட்டுப்படுத்துதலும் அதன் நோக்கங்கள். 1971ஆம் ஆண்டு ஜனவரியில் பாகாங் ஆறு கரைபுரண்டு பேரழிவு விளைத்திருந்தமையால், வெள்ளத் தடுப்பு என்னும் காரணம் வலிமை வாய்ந்ததாகவே இருந்தது.

அணை எழுந்தால் பூங்காவின் தாழ்நிலக் காட்டில் ஒரு பகுதி நீரில் மூழ்கும். இதனை எடுத்துக்காட்டி மலேசிய இயற்கைக் கழகமும், 1974இல் தோன்றிய சுற்றுச்சூழல் காப்புச் சங்கமும், பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் பிற அமைப்புகளும் கருத்துப் பரப்பல் நடத்தின. இயக்கத்தினர் எழுப்பிய வினாக்கள் உணர்ச்சியோடு நின்றுவிடவில்லை. இவ்வளவு மின்சாரம் வேறு வழியில் கிடைக்காதா என்றும் அவர்கள் கேட்டனர். அக்காலத்தில் நாட்டின் எரிபொருள் நிலையும் மாறிக்கொண்டிருந்தது. 1981இல் எண்ணெயை மட்டும் நம்பாமல் எரிவாயு, நீர்விசை, நிலக்கரி ஆகியவற்றையும் பயன்படுத்தும் நான்கு எரிபொருள் கொள்கை வகுக்கப்பட்டது. திரெங்கானு கடலில் கிடைத்த இயற்கை எரிவாயு தீபகற்பத்தின் மின்னிலையங்களுக்கு வரத் தொடங்கியது. 1983இல் தெம்பிலிங் திட்டம் கைவிடப்பட்டது.

இங்கே எதிர்ப்பின் விலை யாது? ஆய்வுக்கும் வரைவுக்கும் ஆன செலவு வீணாயிற்று. அணை தந்திருக்கக்கூடிய வெள்ளத் தடுப்பும் கிட்டாமற் போயிற்று. 2014ஆம் ஆண்டு டிசம்பரில் கிழக்குக் கரை மாநிலங்களைப் பெருவெள்ளம் தாக்கியபோது பாகாங்கும் துன்புற்றது. அணை இருந்திருந்தால் அத்துன்பம் எவ்வளவு குறைந்திருக்கும் என்பதை எளிதில் சொல்லிவிட இயலாது. குறைந்தே இராது என்றும் அறுதியிட இயலாது. நேர்மையான கணக்கில் இதனையும் எழுதத்தான் வேண்டும். மறுபுறம், மின்சாரத்துக்கு மாற்று வழி கிடைத்தது, காடு நிலைத்தது. காட்டை நம்பிச் சுற்றுலாத் தொழில் வளர்ந்தது. கல் ஊன்றும் முன்னரே விவாதம் முடிந்தமையால் இழப்பு சிறிதாகவும் அளவிடத்தக்கதாகவும் அமைந்தது.

புக்கிட் மேரா: ஈய மணலின் எச்சம்

பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கு ஒரு நூற்றாண்டுக் காலம் ஈயத்தால் உலகப் புகழ் பெற்றிருந்தது. ஈயத்தை அரித்தெடுத்த பின்னர் எஞ்சும் கனத்த கரிய மணலை அவ்வட்டாரத்தில் அமாங் என்பர். பயனற்றது எனக் குவிக்கப்பட்ட அம்மணலில் மோனசைட் என்னும் கனிமம் கலந்துள்ளது. அதிலிருந்து அருமண் தனிமங்கள் எனப்படும் உலோகங்களைப் பிரித்தெடுக்கலாம். வண்ணத் தொலைக்காட்சித் திரையில் சிவப்பு நிறம் ஒளிர்வதற்கு இட்ரியம் போன்ற இத்தனிமங்கள் தேவைப்பட்டன. ஆனால் மோனசைட்டில் தோரியமும் உண்டு. தோரியம் கதிர்வீச்சை உடையது. அதன் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். அருமண்ணைப் பிரித்தெடுத்தபின் தோரியம் கழிவாக எஞ்சும்.

1979இல் ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கல் நிறுவனத்தின் பங்கோடு ஏசியன் ரேர் எர்த் என்னும் கூட்டு நிறுவனம் அமைக்கப்பெற்றது. ஈப்போவுக்கு அருகில் புக்கிட் மேரா புதுக்கிராமத்தை அடுத்து அதன் ஆலை எழுந்தது. 1982ஆம் ஆண்டு ஜூலையில் உற்பத்தி தொடங்கிற்று. ஈயத் தொழில் தளர்ந்துவந்த காலம் அது. 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் நிலைகுலைந்து விலை சரிந்தபோது கிந்தாவின் சுரங்கங்கள் பல மூடப்பட்டன. அத்தகைய வட்டாரத்தில் ஒரு புதிய தொழில் வருவது வரவேற்கத்தக்கதாகவே தோன்றியதில் வியப்பில்லை. அரசினரின் ஆர்வத்தையும் இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும்.

குறை எங்கே இருந்தது என்றால், ஆலை இயங்கத் தொடங்கிய நாளில் அதன் கழிவை எங்கே வைப்பது என்பது முடிவாகவில்லை. முதலில் பாரிட் என்னும் ஊரின் அருகே இடம் பார்க்கப்பட்டது. 1982இல் அவ்வூரார் அதனை அறிந்து எதிர்த்தனர், இடம் கைவிடப்பட்டது. இது முதல் எதிர்ப்பு. இதற்கான விலை மிகச் சிறிது. மாற்றிடம் தேடும்போது அவ்விடத்து மக்களிடம் முன்னதாகவே பேசியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கலாம். அவ்வாறு நடைபெறவில்லை.

பாப்பானில் தோண்டிய அகழிகள்

பாப்பான் ஒரு பழைய ஈய ஊர். அதனருகே கழிவைப் புதைப்பதற்கான அகழிகள் கட்டப்படுவதை 1983ஆம் ஆண்டின் இறுதியில் ஊரார் அறிந்தனர். கேட்டுத் தெரிந்துகொண்டதன்று, கட்டுமானத்தைக் கண்டு தெரிந்துகொண்டதாகும். 1984 மே மாதத்தில் ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்ட முறையீடு பிரதமருக்கும் மாநில முதல்வருக்கும் சென்றது. பின்னர் அகழிக்குச் செல்லும் சாலையை மக்கள் மறித்தனர். ஆடவரும் பெண்டிரும் சிறுவரும் ஊர்வலம் சென்றனர். அகழிகள் பாதுகாப்பானவை என அரசு விளக்கம் தந்தது. மக்கள் ஏற்கவில்லை.

அவ்வாண்டிலேயே அரசின் அழைப்பின்பேரில் அனைத்துலக அணுசக்தி நிறுவனத்தின் வல்லுநர் மூவர் வந்து பார்த்தனர். அகழிகள் பாதுகாப்பானவையல்ல என்பது அவர்களின் முடிவு. டிசம்பரில் பாப்பான் மக்கள் உண்ணாநோன்பு மேற்கொண்டனர். 1985 ஜனவரியில், அப்போது பிரதமர் பொறுப்பை ஏற்றிருந்த மூசா ஹீத்தாம் பாப்பானை நேரில் பார்வையிட்ட பின்னர், கழிவு இடத்தைக் கிளேடாங் மலைத்தொடரிலுள்ள பெலாஞ்சா முக்கிமுக்கு மாற்ற அமைச்சரவை முடிவு செய்தது.

இந்த இரண்டாம் எதிர்ப்பின் விலை முதலாவதைவிடப் பெரிது. தோண்டிய அகழிகள் பயனற்றுப் போயின. ஓராண்டுக் காலம் வீணாயிற்று. ஆனால் அவ்விழப்பை ஊராரின் கணக்கில் எழுதுவது முறையாகுமா? வல்லுநரே பாதுகாப்பற்றது என்று கூறிய அகழியை எதிர்த்தமை நாட்டுக்குச் செய்த இழப்பாகாது. தோண்டும் முன் வல்லுநரையும் ஊராரையும் கேளாது விட்டமையே இழப்புக்கு வழிவகுத்தது.

நீதிமன்றத்தில் பத்தாண்டு

அகழி பற்றிய கிளர்ச்சி நடந்துகொண்டிருந்தபோதே ஆலையின் அருகில் வாழ்ந்த புக்கிட் மேரா மக்களும் விழித்துக்கொண்டனர். கழிவு முறையாக வைக்கப்பெறாமல் ஆலைப் புறத்தே கிடப்பதாக அவர்கள் குறை கூறினர். 1985 பிப்ரவரியில் எண்மர், தம் பொருட்டும் சுற்று வட்டாரத்து மக்கள் பதினாயிரவர் பொருட்டும், ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். அணுசக்தி உரிமமளிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அம்மாதத்திலேதான். ஆலை இயங்கத் தொடங்கி ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளுக்குப் பின்னரே அத்தகைய ஆலையை மேற்பார்க்கும் சட்டம் வந்தது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

வழக்கில் மக்களுக்குத் துணைநின்றது பினாங்கு பயனீட்டாளர் சங்கம். தமிழகத்தில் பிறந்து பினாங்கில் வாழ்ந்த எஸ். எம். முகமது இத்ரிஸ் அதன் தலைவராக இருந்தார். 1969இல் தோன்றிய அச்சங்கம் பயனீட்டாளர் குரல் என்னும் இதழைத் தமிழிலும் நடத்தி, உணவு, மருந்து, சுற்றுச்சூழல் பற்றிய செய்திகளைத் தமிழ் மக்களுக்கும் எடுத்துச் சென்றதாகும். அதன் சட்ட ஆலோசகர் மீனாட்சி ராமன் புக்கிட் மேரா வழக்கில் ஈடுபட்டு உழைத்தார்.

1985 அக்டோபர் 14இல் நீதிபதி அனுவார் இடைக்காலத் தடை விதித்தார். போதிய பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்யப்படும்வரை கதிரியக்கக் கழிவை உண்டாக்குவதும் வைத்திருப்பதும் நிறுத்தப்பட வேண்டும் என்பது அதன் சாரம். ஆலை நின்றது. 1987 பிப்ரவரியில் உரிமம் பெற்று மீண்டும் இயங்கிற்று. மக்கள் மீண்டும் வீதியில் இறங்கினர். 1987 செப்டம்பரில் முழு விசாரணை தொடங்கியது. அடுத்த மாத இறுதியில், நாட்டில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நூற்றுக்கு மேற்பட்டோர் தடுத்துவைக்கப்பட்டபோது, மீனாட்சி ராமனும் புக்கிட் மேரா இயக்கத்தார் சிலரும் அவர்களுள் இருந்தனர். எதிர்ப்பின் விலையைப் பேசுவோர் இவ்வகை விலையையும் மறத்தலாகாது. வழக்குமன்றத்துக்குச் செல்லும் ஒவ்வொரு நாளும் கூலி இழந்த குடும்பங்கள் உண்டு. இவ்விழப்புகள் எந்தத் திட்ட அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை.

விசாரணை 1990 பிப்ரவரியில் முடிந்தது. 1992 ஜூலை 11இல் நீதிபதி பெ சுவீ சின் தீர்ப்பளித்தார். மக்கள் வென்றனர், பதினான்கு நாட்களுக்குள் ஆலையை மூட வேண்டும் என்பது ஆணை. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. ஆலையை உடனே மூடினால் நிறுவனத்துக்கும் அதன் தொழிலாளர் 183 பேருக்கும் இடர் விளையும் எனக் கருதி, அவ்வாணையை உச்சநீதிமன்றம் நிறுத்திவைத்தது. 183 என்பது சிறிய எண்ணாயினும் அஃது 183 குடும்பங்களின் அடுப்பு எரிவதைக் குறிக்கும். ஆலை மூடப்படுவதன் பொருளாதார விலை இத்தொழிலாளரின் வாழ்வில்தான் மிகத் தெளிவாகத் தெரிகிறது. ஒரு பக்கம் அடுத்த ஊராரின் நலம். மறுபக்கம் ஆலைத் தொழிலாளரின் பிழைப்பு. இருவரும் எளிய மக்களே. இவ்விருவரையும் எதிரெதிரே நிறுத்தியது எதிர்ப்பா, அல்லது கழிவுக்கு இடம் காணாமல் ஆலையைத் தொடங்கிய அவசரமா என்பது சிந்திக்கத்தக்கது.

1993 டிசம்பர் 23இல் உச்சநீதிமன்றம் உயர்நீதிமன்றத் தீர்ப்பை மாற்றியது. உரிமத்தைப் பற்றிய குறையை உரிமமளிப்பு வாரியத்திடமே மக்கள் கொண்டுசென்றிருக்க வேண்டும் என்பது அது கூறிய காரணங்களுள் ஒன்று. சட்டத்தின்படி நிறுவனம் வென்றது. ஆனால் வென்ற ஒரு மாதத்துக்குள், 1994 ஜனவரியில், ஆலையை மூடுவதாக அந்நிறுவனமே அறிவித்தது. பத்தாண்டுப் போராட்டத்துக்குப்பின், மக்களின் இசைவு இல்லாத இடத்தில் உரிமம் மட்டும் ஓர் ஆலையைத் தாங்கிநிற்க இயலாது போயிற்று எனக் கருதலாம்.

துப்புரவுக்கு ஆன செலவு

கதை அத்துடன் முடியவில்லை. ஆலை மூடப்பட்டாலும் கழிவு கிடந்தது. பல ஆண்டுகளுக்குப்பின் ஆலையைப் பிரித்தெடுத்து, மாசுற்ற மண்ணையும் கழிவையும் அகற்றி, மலைப்பகுதியில் நிலையாகப் புதைக்கும் பணி மேற்கொள்ளப்பட்டது. 2011ஆம் ஆண்டில் அமெரிக்க நாளிதழ் வெளியிட்ட செய்தியின்படி, அப்பணிக்கு ஏறத்தாழ பத்துக் கோடி அமெரிக்க டாலர் செலவாகிறது; புதைக்கவேண்டிய கதிரியக்கக் கழிவு 80,000 இரும்புப் பீப்பாய்களுக்கு மேற்பட்டது. மக்களின் நோய்களுக்குத் தான் பொறுப்பில்லை என மறுத்த நிறுவனம், உடன்பாட்டின்படி அவ்வூர்ப் பள்ளிகளுக்கு நன்கொடை அளித்ததாகவும் அச்செய்தி கூறிற்று. அத்தொகை 1,64,000 டாலர். துப்புரவுச் செலவோடு ஒப்பிட்டால் அஃது அறுநூற்றில் ஒரு பங்களவே ஆகும்.

இவ்விரு தொகைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். பாரிட்டில் 1982இல் எதிர்ப்பு எழுந்தபோது ஆலையை நிறுத்தி, கழிவுக்குத் தக்க இடத்தை அமைத்துவிட்டு, அதன்பின் உற்பத்தியைத் தொடங்கியிருந்தால் ஆகியிருக்கும் செலவு சில மாதத் தாமதம் அல்லது ஓரிரு ஆண்டுத் தாமதம். அதனைத் தவிர்க்க முற்பட்டதன் பயனாகப் பதினாறு மாத ஆலை நிறுத்தம், பல்லாண்டு வழக்கு, ஆலையின் முடிவு, அதன்பின் துப்புரவு என்று விலை வளர்ந்துகொண்டே சென்றது. கடனுக்கு வட்டி சேர்வதுபோல, கேளாது ஒதுக்கிய குறைக்கும் வட்டி சேர்கிறது.

பணமாக அளக்க இயலாத மற்றொரு விலையும் உண்டு. அதுவே நம்பிக்கையின் இழப்பு. பாகாங் மாநிலம் கெபேங்கில் லைனாஸ் என்னும் ஆஸ்திரேலிய நிறுவனம் அருமண் ஆலை ஒன்றைக் கட்டி 2012இல் உற்பத்தி தொடங்க முற்பட்டபோது, மக்கள் முதலில் உச்சரித்த பெயர் புக்கிட் மேரா. அவ்வாண்டு நவம்பரில் எதிர்ப்பாளர்கள் குவாந்தானிலிருந்து கோலாலம்பூர் வரை நடந்தே சென்றனர். புதிய ஆலையின் மூலப்பொருள் வேறு, சட்டம் வேறு, காலம் வேறு என்று விளக்கங்கள் கூறப்பட்டன. ஆனால் முன்னைய அனுபவம் அழியவில்லை. ஒரு திட்டம் இழந்த நம்பிக்கையின் கடனைப் பின்வரும் திட்டங்கள் செலுத்த நேர்கிறது.

பாக்கூன்: தாமதத்தின் உண்மைக் காரணம்

மூன்றாவது சான்று சரவாக்கின் பாலூய் ஆற்றில் எழுந்த பாக்கூன் அணை. 2,400 மெகாவாட் மின்னாற்றலும் 205 மீட்டர் உயரமும் உடைய இவ்வணையின் நீர்த்தேக்கம் ஏறத்தாழ 695 சதுரக் கிலோமீட்டர்; சிங்கப்பூர்த் தீவின் பரப்புக்கு ஒப்பானது. 1980களில் திட்டமிடப்பெற்று, சுற்றுச்சூழலைக் காரணமாகக் கூறி 1990இல் கைவிடப்பெற்று, 1993இல் மீண்டும் உயிர்பெற்றது. காயான், கென்யா, லஹானான், உக்கிட், பெனான் ஆகிய இனத்தார் வாழ்ந்த பதினைந்து நீள்வீடுகளின் மக்கள், ஏறத்தாழ பதினாயிரவர், தம் மூதாதையர் நிலத்தைவிட்டு சுங்கை அசாப் குடியேற்றப் பகுதிக்குச் செல்ல நேர்ந்தது. அங்கே குடும்பம் ஒன்றுக்கு மூன்று ஏக்கர் நிலம் ஒதுக்கப்பட்டது. ஆறும் காடும் சேர்ந்து ஊட்டிய வாழ்க்கைக்கு மூன்று ஏக்கர் ஈடாகுமா என்பது அம்மக்களின் கேள்வி.

அவர்களுள் மூவர் நீதிமன்றம் சென்றனர். சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டின்போது கருத்துரைக்கும் உரிமை தமக்கு மறுக்கப்பட்டது என்பது வழக்கு. 1996 ஜூனில் கோலாலம்பூர் உயர்நீதிமன்ற நீதிபதி ஜேம்ஸ் ஃபூங் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். 1997 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றிவிட்டது. இத்தீர்ப்பு நிலைத்திருந்த காலம் எட்டு மாதங்கள்.

அணை எப்போது முடிந்தது? நீர் தேக்கத் தொடங்கியது 2010 அக்டோபரில். முதல் மின்சாரம் பிறந்தது 2011இல். 1997இல் ஆசிய நிதி நெருக்கடி வந்தபோது தனியார் நிறுவனத்தால் திட்டத்தைத் தொடர முடியவில்லை. அவ்வாண்டு நவம்பரில் அரசே அதனை ஏற்றுக்கொண்டது. தென்சீனக் கடலின் அடியில் 600 கிலோமீட்டருக்கு மேல் கம்பிவடம் அமைத்துத் தீபகற்பத்துக்கு மின்சாரம் அனுப்பும் எண்ணம் கைவிடப்பட்டது. வாங்குவோர் இல்லாத மின்சாரத்துக்காக அணையின் அளவையே குறைப்பதா என்று ஆராயப்பட்டது. இறுதியில், சரவாக்கிலேயே பெருந்தொழில்களைத் தோற்றுவித்து அம்மின்சாரத்துக்கு வாங்குவோரை உண்டாக்க வேண்டியிருந்தது.

இக்கால அளவுகளை ஒப்பிடுதல் பயன் தரும். மக்களின் வழக்கு அணையை எதிர்த்து வெற்றியோடு நின்றது எட்டு மாதம். பணமின்மையும் திட்டக் குறையும் அணையைப் பிடித்து நிறுத்தியவை பத்தாண்டுக்கு மேல். பெருந்திட்டங்களின் தாமதம் யாவும் எதிர்ப்போரால் வந்தது என்னும் பொதுக்கூற்று இங்கே பொருந்தவில்லை. உண்மையில் எதிர்ப்போர் முன்வைத்த வினாக்களுள் ஒன்று, இவ்வளவு மின்சாரத்தை யார் வாங்குவார் என்பதேயாகும். முதலீட்டாளர் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய வினா அது. அதே சரவாக்கில், பின்னர் திட்டமிடப்பெற்ற 1,200 மெகாவாட் பாராம் அணையை எதிர்த்து 2013 முதல் மக்கள் சாலையை மறித்துக் காத்திருந்தனர். முதலமைச்சர் அட்னான் சாத்தெம் காலத்தில், 2016இல் நிலக் கையகப்படுத்தல் விலக்கிக்கொள்ளப்பட்டது. பாராம் மக்களுக்குச் செவிசாய்த்தது அணை எழும் முன்னர், பாக்கூனில் அவ்வாறன்று.

சட்டம் கற்ற பாடம்

எதிர்ப்பால் நாடு பெற்றதும் ஒன்றுண்டு, அது சட்டம். 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1985இல் திருத்தப்பட்டது. அத்திருத்தத்தின்படி பிறப்பிக்கப்பெற்ற ஆணை 1988 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அணை, சுரங்கம், ஆலை முதலிய 19 வகைப் பணிகளைத் தொடங்கும் முன்னர்ச் சுற்றுச்சூழல் பாதிப்பை மதிப்பிட்டு இசைவு பெறுதல் கட்டாயமாயிற்று. தெம்பிலிங்கும் பாப்பானும் புக்கிட் மேராவும் நாட்டின் பேச்சாக இருந்த ஆண்டுகளில் இச்சட்டம் உருவாயிற்று என்பது கருதத்தக்கது.

மதிப்பீட்டுக்கும் செலவும் காலமும் ஆகின்றன. அதனைத் தடையெனக் கருதுவோர் இன்றும் உளர். ஆனால் மதிப்பீடு என்பது பின்னர் வரவிருக்கும் எதிர்ப்பை முன்னரே அழைத்துக் கேட்கும் முறையாகும். தாளில் இருக்கும்போது கேட்டுவிட்டால், அகழியில் இருக்கும்போது கேட்கவேண்டியதில்லை. மதிப்பீடு வெறும் சடங்காகி, மக்கள் அறியாத மொழியில், அவர்கள் காணவியலாத இடத்தில் வைக்கப்பட்டால், செலவு மட்டும் மிஞ்சும், பயன் விளையாது.

நிறைவுரை

மூன்று நிகழ்ச்சிகளையும் சேர்த்து நோக்கின் சில முடிவுகள் பெறப்படுகின்றன. எதிர்ப்புக்கு விலை உண்டு. அதனை மறுத்தல் வரலாற்றுக்கு மாறு. தெம்பிலிங்கில் வெள்ளத் தடுப்பு கிட்டாமற் போயிற்று. புக்கிட் மேராவில் தொழிலாளர் வேலை இழந்தனர். எதிர்ப்பு எப்போதும் சரியாகவே இருக்கும் என்பதும் இல்லை. அச்சத்தால் எழுவதும் உண்டு. தன் ஊரில் வேண்டாம், அடுத்த ஊரில் இருக்கட்டும் என்னும் தன்னலத்தால் எழுவதும் உண்டு. அவற்றையும் ஆராய்ந்தே ஏற்றல் வேண்டும்.

எனினும் அவ்விலை வளர்ந்த விதத்தைப் பார்க்கும்போது ஓர் ஒழுங்கு தென்படுகிறது. தொடக்கத்தில் கேட்ட இடத்தில் விலை சிறிது. நடுவில் கேட்ட இடத்தில் பெரிது. இறுதிவரை கேளாத இடத்தில் மிகப் பெரிது. மேலும், எதிர்ப்பின் விலையை எழுத ஏடு உண்டு. வட்டி, கூலி, இயந்திர வாடகை என்று ஒவ்வொன்றுக்கும் இடம் உண்டு. செவிசாயாமையின் விலைக்கு அத்தகைய ஏடு இல்லை. அது பல ஆண்டுகளுக்குப்பின் வேறு தலைப்பின்கீழ், பெரும்பாலும் வேறு ஒருவரின் கணக்கில் எழுதப்படுகிறது. கிந்தாவில் அது துப்புரவுச் செலவு என்று எழுதப்பட்டது. சுங்கை அசாப்பில் எழுதப்படவே இல்லை.

மாணவர்கள் வருங்காலத்தில் பொறியாளராகலாம், கணக்கராகலாம், அரசு அலுவலராகலாம். அல்லது ஒரு திட்டம் வரவிருக்கும் ஊரில் வாழும் குடிமக்களாகவே இருக்கலாம். எந்நிலையில் இருப்பினும் இரு பக்கங்களையும் எழுதிய பின்னரே கூட்டுத்தொகை போடுதல் வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் எழுதிவிட்டு இலாபம் என்றோ நட்டம் என்றோ கூறும் கணக்கு எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருப்பினும் கணக்காகாது. பாப்பான் மக்கள் சாலையில் அமர்ந்தபோது அவர்கள் நாட்டிடம் வேண்டியதும் அம்மறுபக்கத்தை எழுதும்படியே ஆகும்.